ஆறாம் மாதம், ரத்தத்தில் ஈயம் 22: செலேஷன் கொடுக்கலாமா?

கோட்டையூரான்:
தங்கச்சி மகளுக்கு ஆறாம் மாதம். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம். காரைக்குடி பழைய சாமான் கடையில் வாங்கிய ஈயச்சொம்பில்தான் தினமும் ரசம். ஈயத்தை நஞ்சுக்கொடி தடுக்காது. தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் அளவில் 80, 90 விழுக்காடு இருக்கும். செலேஷன் சிகிச்சையில் கொடுக்கும் டி.எம்.எஸ்.ஏ. மருந்து ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும். டாக்டரோ வேண்டாம் என்கிறார். பிள்ளையின் மூளை வளரும் நேரத்தில் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

தேவகோட்டை மருந்தாளர்:
அண்ணே, டாக்டர் சொன்னதுதான் சரி. கர்ப்பிணிக்கு 45-ஐத் தொட்டால்தான் செலேஷனை யோசிக்கிறார்கள். பெரியவர்கள் உடம்பில் சேர்ந்த ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் இருக்கிறது. மருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும், நிறுத்தியதும் எலும்பிலிருந்து மறுபடி இறங்கும். தாய்க்கு மருந்து கொடுத்து அளவு குறைந்தும், பிறந்த குழந்தைக்கு ஈயம் அதிகமாகவே இருந்ததும் உண்டு. அதோடு இ.டி.டி.ஏ. என்ற இன்னொரு செலேஷன் மருந்து, உடம்புக்குத் தேவையான துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சினை எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது குட்டிகள் ஊனமாகப் பிறந்தன. கூடவே துத்தநாகம் கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது.

கோட்டையூரான்:
எலிக்குக் கொடுத்த அளவு வேறு, தம்பி. 45-க்குக் கீழே என்றால் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று ஆகிவிடுமா? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதே!

தேவகோட்டை மருந்தாளர்:
ஆபத்தில்லை என்று நான் சொல்லவே இல்லை. 22 அதிகம்தான். அதனால்தான் அந்தச் சொம்பை இன்றைக்கே அடுப்பிலிருந்து எடுங்கள் என்கிறேன். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்தது. காரீயம், அதாவது ரத்தத்தில் காட்டும் அந்த ஈயம், கலந்திருந்தால் புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்க அது ரசத்தில் இறங்கும். உள்ளே வந்துகொண்டே இருக்கும்போது மருந்து கொடுத்து என்ன பயன்? அப்புறம் கால்சியம், இரும்பு. கால்சியம் போதாவிட்டால் பிள்ளைக்காகத் தாயின் எலும்பு கரையும், ஈயமும் கூடவே வரும்.

கண்டனூர் ஆச்சி:
ஒன்று சேர்க்கிறேன். எல்லா உலோகத்துக்கும் ஒரே மருந்து இல்லை. பி.ஏ.எல். என்ற செலேஷன் ஊசி விலங்குகளில் பாதரசத்தை மூளைக்கே கொண்டு சேர்த்திருக்கிறது. யாராவது ‘டீடாக்ஸ்’ என்று சொல்லி விற்றால் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், தம்பி.

கோட்டையூரான்:
சொம்பை எடுத்தாச்சு ஆச்சி. மருந்து விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு இறங்காவிட்டால் டாக்டரிடம் மறுபடி கேட்பேன்.

தேவகோட்டை மருந்தாளர்:
கட்டாயம் கேளுங்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தையும் பரிசோதிக்க இப்போதே சொல்லி வையுங்கள்.