அய்யா குடும்பம், தாராவி – திசையன்விளை

சனி, இரவு 8.40

முருகன்: சித்தப்பாவுக்கு பார்ம் 4, அதான் சாவுக்குக் காரணம் எழுதின டாக்டர் சர்டிபிகேட், போட்டுத் தந்துட்டாங்க. போட்டோ அனுப்பியிருக்கேன். உடல் மார்ச்சுவரியிலதான் இருக்கு. எப்ப எடுக்கணும்?

பெரியப்பா: ஊருக்குக் கொண்டாங்க. தோட்டத்துல அய்யா குழிக்குப் பக்கத்துல இடம் கிடக்கு. பங்காளி முறை அதுதான்.

சுதா: அம்மா இங்கதான்னு சொல்றாங்க பெரியப்பா. அப்பாவும் அதத்தான் சொன்னாங்க.

பெரியப்பா: எழுதி வச்சானா?

ராணி அத்தை: அண்ணே 🙏

செல்வம் மாமா: அத்தான், முழுசும் வாசிங்க. உடல் சொத்து இல்ல, பங்கு கேட்க. யாருக்கு முதல் உரிமைன்னு வரிசை போட்ட சட்டமும் இங்க இல்ல. குடும்ப வழக்கம்னு கோர்ட்ல சொன்னாப் போதாது. நெடுங்காலமா, விடாம, தெளிவா நடந்துதுன்னு சொல்றவர்தான் நிரூபிக்கணும். உங்க அக்காவை இங்கதானே அடக்கினோம்? அதையே கேட்பாங்க.

பெரியப்பா: அவ கட்டிக் கொடுத்த பொண்ணு. அது வேற. நீங்க தங்கச்சி பக்கம்தான் பேசுவீங்க.

செல்வம் மாமா: பக்கம் இல்ல அத்தான், எனக்கு நாள்தான் பயம். கென்யாவுல ஒட்டியெனோன்னு ஒரு வக்கீல், 1986 டிசம்பர் 20ல தவறிட்டார். மனைவி வம்புய் நைரோபி பக்கத்துத் தோட்டத்துலன்னாங்க, குலத்தார் ஊர்லன்னாங்க. அவரோட லுவோ இன வழக்கத்தை ஏத்துக் கோர்ட் குலத்தாருக்குத் தீர்ப்புச் சொன்னது. ஆனா உடல் மண்ணுக்குப் போனது 1987 மே 23. 154 நாள்! சத்தீஸ்கர் பஸ்தர்ல ஒரு பாதிரியார் உடல், எங்க புதைக்கன்னு வழக்காகி, 2025 ஜனவரியில 20 நாள் கிடந்தது. சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதிக்கும் கருத்து ஒத்துவரல. இன்னும் கிடக்கக் கூடாதுன்னுதான் அரசியல் சட்டம் 142ஆவது பிரிவுல இருக்கிற தனி அதிகாரத்துல உத்தரவு போட்டாங்க.

பெரியப்பா: அப்ப கென்யாவுல குலத்தாருக்குத்தானே ஜெயம்.

முருகன்: ஐஸ் பெட்டிக்கு யாரைக் கேட்க? பழைய நம்பர் போகல.

ராணி அத்தை: சங்கத்துல கேளு. போன தடவை வாடகை பாக்கி, முதல்ல அதக் குடு.

முருகன்: அது கணேசன் அண்ணன், நான் இல்ல.

செல்வம் மாமா: தோட்டம் பட்டா நிலம் அத்தான். இடுகாடா பதியாத இடத்துல புதைக்க ஊராட்சி லைசென்ஸ் வேணும், 1999 விதி. 2024 ஜூலையில, கொலையான பகுஜன் சமாஜ் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை சென்னை பெரம்பூர் கட்சி ஆபீஸ்ல புதைக்கக் கேட்டாங்க, ஞாயிற்றுக்கிழமையே கோர்ட் கூடியும் விடல. பொத்தூர்லதான் அடக்கம். பக்கத்து வயல்காரன் கேஸ் போட்டா நம்ம ராசையாவைத் தோண்டணுமா?

சுதா: ஊருக்குன்னா என்னென்ன பேப்பர் மாமா? அம்மா கேட்கிறாங்க.

செல்வம் மாமா: பார்ம் 4, போலீஸ் ஆட்சேபமில்லைன்னு தர்ற என்ஓசி, எம்பாமிங் சர்டிபிகேட், பெட்டிக்கு ஒரு சர்டிபிகேட், கூடப் போறவர் ஆதார். திருவனந்தபுரம் வரை பிளைட், பிறகு ஆம்புலன்ஸ். இங்கன்னா மாநகராட்சி அடக்கப் பாஸ் போதும். முருகா, போட்டோ பார்த்தேன். ஆதார்ல ராஜையா, பார்ம் 4ல ராசையா. இன்னைக்கே திருத்தி வாங்கு. 21 நாளுக்குள்ள பதியணும், பேர் மாறிக் கிடந்தா எல்.ஐ.சி., பென்ஷன் எல்லாம் நிக்கும். இன்னொண்ணு, மார்ச்சுவரியில யாரும் ஆட்சேபம்னு எழுதிக் கொடுத்துடாதீங்க. கோர்ட் ஆர்டர் கொண்டான்னு உடலை நிறுத்தி வச்சிருவாங்க.

பெரியப்பா: முறைக்கு என்ன பதில்?

ராணி அத்தை: அய்யா குழி மண்ணை மஞ்சப்பையில எடுத்துட்டு வாங்கண்ணே. இங்க குழியில போடுவோம். பதினாறு ஊர்ல வைப்போம்.

பெரியப்பா: மண்ணா.

இரவு 10.52

பெரியப்பா: காலையில பிளைட்டு இருக்கா பாரு முருகா. வந்து பேசுறேன்.

சுதா: பெரியப்பா வர்றவரை எடுக்க வேண்டாம்னு அம்மா சொல்றாங்க.

முருகன்: சரி. ஐஸ் பெட்டி ஒரு நாளைக்கா, ரெண்டு நாளைக்கா?