கடலோர ஊரில் 4 நாள்: அம்மாவும் மகளும் சேர்ந்து ரசிக்க என்ன இருக்கும்?

வணக்கம். அம்மாவையும் 7 வயது மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் கடலோர ஊர் ஒன்றுக்குப் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் அதிகம் நடக்க முடியாது. கலங்கரை விளக்கமும், விடியலில் படகுகள் கரை சேர்வதும் முடிவாகிவிட்டன.

மகளுக்குப் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் நண்டு, நட்சத்திர மீன் காட்ட ரொம்ப ஆசை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் கூடுதலாக உள்வாங்கும் என்பதால் அந்த நாட்களாகப் பார்த்துத்தான் கிளம்புகிறோம். பெரும்பாலான கரைகளில் வற்றிய நீர் முழுதாக ஏற 6 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதில் சிறுபிள்ளையோடு எவ்வளவு நேரம் பாறையில் நிற்கலாம்? போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

மதிய வெயிலில் அம்மா உட்கார்ந்தே ரசிக்க என்ன இருக்கும்? அவர் கடலைப் பார்த்துப் பல வருடமாயிற்று.