கடைச் சுவரில் காசிமேடு
(குழு: நம்ம ராயபுரம் வீடு)

அண்ணன்: [படம்] எம்.சி. ரோடு புடவைக் கடைச் சுவருக்கு இந்த ஓவியத்தைப் பேசி முடித்துவிட்டேன். கவின் கலைக் கல்லூரிப் பையன் வரைந்தது. 40,000 ரூபாய். முழுசாகச் செலவில் எழுதினால் வரி மிச்சம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார்.

அத்தை: காசிமேட்டு விடியற்காலை அப்படியே இருக்கிறதே! அந்த அம்மா இடுப்பில் வைத்திருக்கிற அன்னக்கூடையைப் பாருங்கள், விளிம்பில் நசுங்கல் கூட விடாமல் வரைந்திருக்கிறான்.

சித்தப்பா: 1850-இல் தொடங்கின கல்லூரி ஆயிற்றே.

நான்: அருமையான படம், வாங்கு அண்ணா. ஆனால் 40,000-ஐயும் இந்த வருடமே கழிக்க முடியாது. வருடக்கணக்கில் சுவரில் இருக்கப்போகிற பொருள். எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இதை ஃபர்னிச்சர், ஃபிட்டிங்ஸ் கணக்கில் வைப்போம். வருடத்துக்கு 10 சதவீதம் தேய்மானம், அதாவது பொருள் பழசாவதற்காகக் கழிக்க விடுகிற தொகை.

அண்ணன்: அப்போ 4,000?

நான்: டிசம்பர் வந்துவிட்டது. கணக்கு வருடம் முடிகிற மார்ச் 31-க்குள் 180 நாள் பயன்பாடு தேறாது, அதனால் பாதிதான், 2,000. உன் 20 சதவீத வரிக்கு மிச்சம் 400, வரிக்கு மேல் போடுகிற செஸ் சேர்த்து 416 ரூபாய். அடுத்த வருடம் மீதி 38,000-க்கு 3,800 கழியும்.

அண்ணன்: 416-தானா!

நான்: ஆமாம். வரிக்காக வாங்காதே, பிடித்திருந்தால் வாங்கு.

சித்தப்பா: பையனுக்குக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடு, உதவியாக இருக்கும்.

நான்: வேண்டாம் சித்தப்பா. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினால், அந்தத் தொகை பொருளின் விலையிலேயே சேராது. தேய்மானமும் போச்சு. கடை பேங்க் கணக்கிலிருந்து அனுப்பு அண்ணா. பெயர், முகவரி, பான், படத்தின் அளவு, தேதி எழுதி அவன் கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள். நாளைக்கு அவன் கடன் கேட்டுப் போனாலும் வருமானத்துக்கு அது ஆதாரம். தயவுசெய்து விலையைக் குறைக்கச் சொல்லாதே.

சித்தப்பா: என் டிபன் கடைக்கும் ஒன்று வாங்கினால்?

நான்: உங்களுக்கு விற்பனையில் ரொக்கமாக வருவதில் 8, பேங்க்கில் வருவதில் 6 சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டுகிறோம் இல்லையா, எல்லாச் செலவும் தேய்மானமும் அதற்குள் அடக்கம். படம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே வரிதான்.

அண்ணி: கடையில் தூசி படியும். நம் ஹாலில் மாட்டலாமே?

நான்: அண்ணி, ஹாலுக்கு வந்தால் அது சொந்தப் பொருள். ஒரு ரூபாய் கூடக் கழிக்க முடியாது. அண்ணன் சொந்தச் செலவுக்குக் கடைப் பணத்தை எடுத்ததாக எழுத வேண்டும். அப்புறம் ஒரு நாள் லாபத்துக்கு விற்றால் அதற்கும் வரி உண்டு. வீட்டுச் சாமானுக்கு இருக்கிற விலக்கை 2007-இல் ஓவியத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

அண்ணி: சரி, கடையிலேயே இருக்கட்டும். கல்லாவுக்குப் பின்னால் வேண்டாம், சாயங்கால வெயில் நேராக விழும். புடவை மடிக்கிற மேஜைக்கு எதிரே மாட்டுங்கள், நிற்கிற பெண்களாவது பார்ப்பார்கள்.

அண்ணன்: [படம்] 40,000 அனுப்பிவிட்டேன். ஞாயிறு காலையில் ரசீதோடு வந்து அவனே மாட்டித் தருகிறானாம்.

அத்தை: ஞாயிறா? சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல். சங்கரா மீன் குழம்பு வைக்கிறேன்.