‘மிஸ்ஸிங் டைமென்ஷன்’: ‘தேடளவு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு மதுரையிலிருந்து வணக்கம்.

கன உருவத்தின் கனஅளவைத் தந்து, நீளம், உயரம், ஆரம் ஆகியவற்றுள் தரப்படாத ஒன்றைக் காணச் சொல்லும் கணக்குகளில் அந்த ஒன்றுக்கு என்ன பெயரிடுவது என்ற இவ்விழையில் ‘விடுபட்ட பரிமாணம்’ என்பதற்கே ஆதரவு மிகுந்திருக்கிறது. எனக்கு அதன் இரு சொற்களிலும் உடன்பாடில்லை.

கோளம் முப்பரிமாண உருவம்தான். ஆயினும் அதன் கனஅளவைக் காண ஆரம் என்ற ஒரே நீளம் போதும். அந்த ஆரத்தைக் கேட்கும் இடத்தில் ‘பரிமாணம் விடுபட்டது’ என்று எழுதினால், மூன்றில் ஒன்று போய்க் கோளம் வட்டமாகிவிட்டதா என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். அவர் கேட்பதில் தவறும் இல்லை. ‘விடுபட்ட’ என்பதோ அச்சுக்கோத்தவர் மறந்துவிட்டார் என்ற பொருளையே முதலில் தரும். இன்னொரு பரிந்துரையான ‘மறையளவு’ செவிக்கு இனிதுதான். ஆனால், நாம் குறை எண் என்பதை இலங்கையில் மறை எண் என்பதால் அங்கே குழப்பம் நேரும்.

சென்ற வாரம் எங்கள் தெருவில் எம்-சாண்ட் இறக்க வந்த டிப்பரில் கொத்தனார் ஏறி, கம்பியை அடிவரை குத்தி எடுத்து, மணல் அப்பியிருந்த நீளத்தை டேப்பால் அளந்தார். பெட்டியின் நீளம் 12 அடி, அகலம் 7 அடி. ஏற்றியதாகச் சொன்னது 3 யூனிட், அதாவது 300 கனஅடி. 300-ஐ 84-ஆல் வகுத்தால் மணல் ஏறக்குறைய 3 அடி 7 அங்குலம் நிற்க வேண்டும். கீழே நின்றவர், “மட்டம் எம்புட்டுண்ணே?” என்றுதான் கேட்டார். அவருக்கு எந்த அளவும் விடுபடவில்லை. ஓர் அளவைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆகவே ‘தேடளவு’ என்பதை முன்மொழிகிறேன். ‘கொள்ளளவு’ போல இதுவும் வினைத்தொகை. ‘தேடு’ என்பதன் குற்றியலுகரம் கெட்டு ‘அளவு’ வந்து புணர்கிறது. உயரம், விட்டம், ஆரம் எதுவாயினும் பொருந்தும். 1000 லிட்டர், அதாவது ஒரு கனமீட்டர் கொள்ளும் உருளைத் தொட்டியின் உள்விட்டம் 1 மீட்டர் என்றால் தேடளவு உயரம். வகுத்த அளவில் சுமார் 1.27 மீட்டர் என விடை வந்துவிடும். அதே தொட்டியில் உயரத்தைத் தந்து ஆரத்தைக் கேட்டால் வர்க்கமூலமும், கோளமாயின் கனமூலமும் எடுக்க வேண்டும். செய்முறை மாறினாலும் பெயர் மாற வேண்டியதில்லை.

கண்டுபிடித்த பின்னும் அது தேடளவா என்று ஒருவர் எழுதியிருந்தார். விடை கிடைத்ததும் அது உயரம் அல்லது ஆரம்; தேடளவு என்பது வினாவுக்குள் மட்டும் அதற்குள்ள பெயர்.

கூம்புக்கு மட்டும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். கனஅளவிலிருந்து நேரே கிடைப்பது செங்குத்துயரமே. சாயுயரத்தைக் கேட்டால் பிதாகரஸ் தேற்றத்தையும் துணைக்கு அழைக்க வேண்டும். ஆதலால் எடுத்துக்காட்டுகளில் ‘உயரம்’ என்று மட்டும் எழுதாமல் எந்த உயரம் என்பதையும் குறித்துவிட்டால் நல்லது.