சிமெண்டுக் கலவையால் வெடிக்கும் கைகள்: சித்தாள்களை எப்படிக் காப்பது?

கேள்வி:
வணக்கம். திருச்சிப் பக்கம் சிறிய வீடுகள் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தக்காரன் நான். நான்கு ஆண்டுகளாக என்னிடம் கலவை அள்ளும் சித்தாள் அக்கா ஒருவருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உறக்கம் கெடும் அளவுக்கு அரிக்கிறது. சென்ற வாரம் தளம் போட்டபோது, ஈரக் கலவையில் முழங்காலிட்டு மட்டப்பலகை இழுத்த கொத்தனாருக்கு, மாலையில் கால்சட்டையைக் கழற்றியபோதுதான் இரு முழங்கால்களும் கறுத்துப் புண்ணாகியிருந்தது தெரிந்தது. வேலை நேரத்தில் வலியே இல்லை என்கிறார். துணிக் கையுறை வாங்கித் தந்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (மேஸ்திரி):
தம்பி, துணிக் கையுறையை முதலில் நிறுத்துங்கள். அது கலவைத் தண்ணீரைக் குடித்து, நாள் முழுவதும் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டைத் தாண்டி நீளும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறையும் கம்பூட்ஸும் வாங்குங்கள். கால்சட்டையை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடச் சொல்லுங்கள். செருகினால் கலவை உள்ளே இறங்கித் தேங்கும். முழங்காலுக்கு நீர் புகாத திண்டு வேண்டும். இன்னொன்று, கரண்டியும் சட்டியும் கழுவும் டிரம்மிலேயே நம் ஆட்கள் சாப்பாட்டு வேளையில் கை கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரே தோலை அரிக்கும் காரம்தான். கை கழுவ நல்ல தண்ணீரும் சோப்பும் தனியாக வையுங்கள். சிலர் கை கழுவ மண்ணெண்ணெய் எடுப்பார்கள். அதைக் கட்டாயம் தடுங்கள்.

மறுமொழி 2 (தோல் மருத்துவர்):
மேஸ்திரி ஐயா சொன்னது அத்தனையும் சரி. நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வேறு பாதிப்புகள். முழங்காலில் இருப்பது காரப் புண். சிமெண்டு நீரோடு சேர்ந்ததும் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகி, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12 முதல் 13 வரை ஏறுகிறது (தூய நீருக்கு 7). அது தொடக்கத்தில் வலி தராமலேயே தோலை ஆழமாக அரித்துவிடும். கலவை பட்ட துணியை உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். கறுத்த புண்ணை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

அக்காவுக்கு இருப்பது சிமெண்டில் உள்ள குரோமியத்தால் வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் சிமெண்டில் கரையும் குரோமியத்தை 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. தோல் கையுறையும் அவருக்கு வேண்டாம். அந்தத் தோலைப் பதனிடுவதிலும் குரோமியம் உண்டு.

கேட்டவர்:
மிக்க நன்றி. சோதனைக்கு நானே அழைத்துச் செல்கிறேன். ஆனால் வேலை போய்விடுமோ என்று அஞ்சித்தான் அவர் இவ்வளவு நாள் கையை மறைத்திருக்கிறார்.

மறுமொழி 1 (மேஸ்திரி):
செங்கல் எடுத்துக் கொடுப்பது, கம்பி கட்ட உதவுவது என்று கலவை படாத வேலைக்கு மாற்றுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்தவரும் கையை மறைப்பார்.