2 அடி தொட்டி, போர் தண்ணீர் டிடிஎஸ் 950: எந்த மீன், எந்தச் செடி வைக்கலாம்?

தாம்பரம்_கயல்

வணக்கம். 24 × 12 × 12 அங்குலத் தொட்டி வாங்கியாகிவிட்டது, இன்னும் தண்ணீர் நிரப்பவில்லை. வீட்டில் போர் தண்ணீர்தான். மீட்டரில் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராமில்) 950, பிஎச் 8-ஐ ஒட்டிக் காட்டுகிறது. தொட்டி இருக்கப்போகும் ஹாலில் நேர் வெயில் படாது, ஆனால் மே மாதம் 33, 34 டிகிரி போகும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் வேண்டாம். லைட், ஃபில்டர் போதும்.

மனதில் இருப்பது: 10 நியான் டெட்ரா, ஒரு ஜோடி ஏஞ்சல், அடியில் நாலு கோரி, கண்ணாடிப் பாசிக்கு ஒரு சக்கர். செடி நிஜச் செடியாகவே வேண்டும். எல்லாம் ஒன்றாகச் சேரும் என்று கடையில் சொல்கிறார்கள். சேருமா?

நன்னீர்_மணி

சேராது. நிரப்பும் முன்பே கேட்டது நல்லது. மீனைப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்துவிட்டுத் தண்ணீரை அதற்கு மாற்றப் பார்ப்பதில்தான் பல தொட்டிகள் வீணாகின்றன. உங்கள் குழாயில் என்ன வருகிறதோ அதுவே மீனை முடிவு செய்யட்டும்.

நியானின் பூர்வீகம் அமேசான் பகுதியின் மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீர். 24–26 டிகிரி அதற்குச் சுகம். 950 டிடிஎஸ், 34 டிகிரியில் நிறம் மங்கி ஒவ்வொன்றாகப் போகும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைக்காரர்கள் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஏஞ்சலுக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம், 18 அங்குலமாவது வேண்டும். அது வளர்ந்தபின் வாயில் அடங்கும் நியானை விழுங்கியும்விடும். கோரிகளில் ஸ்டெர்பாய் மட்டும் ஓரளவு சூடு தாங்கும், மற்றவை இந்த ஹாலுக்கு வேண்டாம். சக்கர் குட்டியாக இருக்கும்போதுதான் பாசி தின்னும். ஓர் அடியைத் தாண்டி வளரும். பெரிதானதும் சிலர் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துவிட்டது. கண்ணாடிப் பாசிக்கு நெரைட் நத்தை இரண்டு விடுங்கள். ஓடு உறுதியாக இருக்க அதற்குக் கடினநீரே நல்லது, நன்னீரில் குஞ்சு பொரித்துப் பெருகவும் செய்யாது.

உங்கள் தண்ணீருக்கென்றே பிறந்தவை கப்பி, மோலி, பிளாட்டி. தொட்டிக் கணக்கு, கண்ணாடித் தடிமன் போக, சுமார் 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடம் போக நிற்பது 45 லிட்டர்தான். மோலி பெரிதாகும், இதற்கு வேண்டாம். ஆண் கப்பி 8 மட்டும், அல்லது பிளாட்டி 5 (2 ஆண், 3 பெண்), இதோடு நிறுத்துங்கள். கப்பியில் பெண்ணும் சேர்த்தால் ஒரு ஆணுக்கு 2, 3 பெண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துரத்தியே பெண்ணைக் களைக்கவைக்கும். பெண் மீன் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும், எனவே தனியாக வாங்கி வந்த பெண்ணும் குட்டி போடும். மூன்றே மாதத்தில் தொட்டி நிரம்பிவிடும். கப்பியோடு ஃபைட்டர் வேண்டாம், அந்த வாலைப் பார்த்துக் கடிக்கும்.

சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கினாலும் பக்கத்துக் கடையில் வாங்கினாலும், மீன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேளுங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டும் மீன், வயிறு உள்வாங்கிய மீன் இருக்கிற தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், பக்கத்தில் நீந்துவது நன்றாகத் தெரிந்தாலும்.

பாசிக்காடு

மீன் பக்கம் மணி சொன்னதோடு உடன்படுகிறேன். செடிக்கு வருகிறேன்.

முதலில் வாங்கக்கூடாதவை. லக்கி பேம்பூ, சிங்கோனியம், ஊதா இலை ஹெமிகிராஃபிஸ், மாண்டோ புல்: இவை நான்கும் மீன் கடைகளில் தண்ணீருக்குள் வைத்து விற்கப்படுகின்றன, ஆனால் தரைச் செடிகள். சில வாரம் பச்சையாக நிற்கும், பிறகு அழுகி அம்மோனியா விடும். தண்ணீரிலிருந்து தூக்கினால் தண்டு விறைப்பாக நிமிர்ந்தே நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் அனுபியாஸும் அப்படித்தான் நிற்கும், அது நீருக்குள் வாழும். அதனால் பெயரைத் தெரிந்துகொண்டு போவதே நல்லது.

உங்கள் தண்ணீரில் சிலிண்டர் இல்லாமலே வளர்வது வாலிஸ்னேரியா. நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், கடினநீரில் அது தாராளம். சில சமயம் இலையில் வெள்ளைப் பொடி படியும், சுண்ணாம்புதான், பயம் வேண்டாம். பின்பக்கம் 8, 10 கன்று போதும், ஓடு தண்டு விட்டுத் தானே பரவும். ஹார்ன்வோர்ட்டும் இதே வகை. வேர் கிடையாது, மிதக்கவிட்டால் போதும். முன்பக்கத்துக்குக் கிரிப்டோகோரைன் வென்டி, இலங்கை ஓடைகளின் செடி. நட்டதும் இலை எல்லாம் கரைந்துபோகும். பிடுங்கி எறியாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்; கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகும்.

மணல் 2–3 மில்லிமீட்டர் பருமன், 2 அங்குல உயரம். வெறும் மணலில் சத்து இல்லை, எனவே கிரிப்ட், வாலிஸ் வேரருகே ரூட் டேப் என்னும் உர மாத்திரையைப் புதைத்து வையுங்கள். பிஎச் 8-ல் இரும்புச் சத்து சீக்கிரம் படிந்துவிடும், புது இலை மஞ்சளாகும். திரவ உரம் வாங்கும்போது இடிடிஏ இரும்பைவிட டிடிபிஏ இரும்பு உள்ளதைத் தேடுங்கள் (இரண்டும் இரும்பைப் படியாமல் பிடித்துவைக்கும் சேர்மங்கள், பெயர் லேபிளில் இருக்கும்). பழைய இலையில் ஊசிக்குத்துப்போல் ஓட்டை விழுந்தால் அது பொட்டாசியக் குறை. 'லிக்விட் கார்பன்' என்று விற்பதை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் உள்ளது குளூட்டரால்டிஹைடு, வாலிஸ்னேரியாவைக் கரைத்துவிடும்.

லைட் 18–20 வாட் எல்இடி, டைமரில் 6 மணி நேரம். 10 மணி நேரம் எரியவிட்டால் செடியைவிடப் பாசி முந்திக்கொள்ளும்.

தாம்பரம்_கயல்

இருவருக்கும் நன்றி. நியான், ஏஞ்சலை விட்டுவிட்டேன், ஆண் கப்பி 8 என்று முடிவு. இரண்டு சந்தேகம்: வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கிறது, அந்தத் தண்ணீரை ஊற்றினால் டிடிஎஸ் குறையுமா? மிஸ் கேரளா மீன் இரண்டு மட்டும் வைக்கலாமா?

ஆழ்துளை

சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும், பைகார்பனேட்டும் போகாது, அதனால் பிஎச் இறங்காது. கப்பிக்கும் நத்தைக்கும் செடிக்கும் தேவையான கால்சியம்தான் போய்விடும். சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் எது உப்பு, எது சுண்ணாம்பு என்று பிரித்துச் சொல்லாது. ஜிஎச் (கால்சியம், மக்னீசிய அளவு), கேஎச் (பைகார்பனேட் அளவு) பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் ஒருமுறை செய்யுங்கள். கடலோரப் பகுதி போரில் 950-ல் பெரும்பகுதி சமையல் உப்பாகவே இருக்கக்கூடும், அதைச் செடி விரும்பாது. அப்படி இருந்தால் ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்ஓ கலந்தால் (ஆர்ஓ 50 என்று வைத்து) 350 வரும். வாரம் 11 லிட்டர் மாற்றுவதென்றால் ஏறக்குறைய 4 லிட்டர் போர், 7 லிட்டர் ஆர்ஓ. ஒவ்வொரு வாரமும் அதே விகிதம், ஒரு வாரம் 300, அடுத்த வாரம் 700 என்று ஆட்டம் போட்டால் நிலையான 950-ஐவிட மீனுக்கு அது கெடுதல்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஆவியாகிற தண்ணீர். உங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 4.5 லிட்டர். நீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். அந்த இடத்தைப் போர் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு முறையும் 4 கிராமுக்கு மேல் உப்பு சேர்கிறது. ஆவியானதை ஈடுகட்ட ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள்.

மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த, ஓடும் நீருக்கு உரியது. 15 சென்டிமீட்டர் வரை வளரும், கூட்டமாக இருக்கும், 4 அடித் தொட்டி வேண்டும். இயற்கையில் அருகிவருவதும்கூட. வேண்டாம்.

நன்னீர்_மணி

கடைசியாக ஒன்று, அவசரப்பட்டு மீன் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா 30 டிகிரியில், பிஎச் 7-ல் இருந்தால் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8-ல் 7 சதவீதத்தைத் தாண்டும். மென்மையான தண்ணீரில் தப்பிக்கிற தவறு உங்கள் தொட்டியில் தப்பிக்காது.

செடியை நட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட், பிறகு இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். 4 முதல் 6 வாரம் ஆகலாம். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைக் கசக்கி அந்த அழுக்குநீரை ஊற்றினால் சீக்கிரம் முடியும். அதன்பின் 4 கப்பி, டெஸ்டில் அம்மோனியா எழாவிட்டால் பத்து நாள் கழித்து மீதி 4. ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே கசக்குங்கள்.

மே மாதத்தில் கரண்ட் போனால் சூட்டில் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். அந்த நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள்.