முழங்கால் தெரிந்துகொண்டது: கோயிலில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காந்தல்வாசி:
உடம்பும் மனசும் ஒன்றாகச் சேர்ந்து கும்பிட்ட நேரம் என்று ஏதாவது உண்டா? என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அம்மா இறந்துபோன வருடம் எனக்கு ஜெபமே வரவில்லை. அடக்கத்தில்கூட அழவில்லை. வீட்டிலிருந்து ஊட்டி காந்தல் குருசடி நடந்து போகும் தூரம்தான். இயேசுவின் சிலுவையில் இருந்து வந்ததென்று வணங்கும் திருச்சிலுவைத் துண்டு வைத்திருக்கும் கோயில், அதனால் வெளியூர்க்காரர்களும் வருவார்கள். ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில் போய் முழங்கால் போடுவேன். ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் இருந்தும் தரைக் குளிர் எலும்பு வரை ஏறும். எப்போது எழுந்திருக்கலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்காது.

அப்புறம் பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு வழிபாடு மணியோ பாட்டோ இல்லாமல் தொடங்கும், தெரியும்தானே. சாமியார் நடந்து வந்து பீடத்துக்கு முன் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். ஆனால் அந்த வருடம், ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு மனுசன் தரையில் கிடந்ததைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன். சிலுவை முத்தி செய்ய வரிசையில் போகும்போதும் அழுகை நிற்கவில்லை. அத்தனை நாள் நான் முழங்காலில் இருந்ததும் ஜெபம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

கோத்தகிரி டீச்சர்:
நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. 1950-இல் வந்த திருவிருந்து முறையில் சமாதானம் கொடுப்பது என்று ஒன்று உண்டு. கேரளத்து சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்தது. ஆயர் கொடுக்க, கையிலிருந்து கைக்கு அது சபை முழுக்கப் போகும். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்ள வேண்டும்.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு அக்காவோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை. எட்டு மாதம் பேச்சில்லை. ஒரு ஞாயிறு தாமதமாகப் போனதால் அவர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. சமாதானம் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது, எனக்கோ ஓடிவிடலாமா என்று இருக்கிறது. அவர் கையை நீட்டினார். கொழுந்து பறித்துக் கறையேறி, விரல் நுனியெல்லாம் வெடித்த கை. பிடித்தேன். மனசு ஒன்றும் மாறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே வந்து, “முழுகாமல் இருக்கிற மகள் எப்படி இருக்கிறாள் அக்கா?” என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

கொரோனாவுக்கு அப்புறம் எங்கள் சபையில் தள்ளி நின்று கும்பிடுவதோடு சரி. எனக்கு அது போதவில்லை.

கூடலூர் தம்பி:
நான் பெந்தெகொஸ்தே. எங்களுக்குக் கை தட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். ஊட்டியில் சொந்தக்காரர் கல்யாணம், பழைய கல் கோயில். போதகர் ஐயர் ஜெபித்து முடித்ததும் பழக்கத்தில் ‘அல்லேலூயா’ என்று கத்திவிட்டேன். அத்தனை தலையும் திரும்பியது. மாப்பிள்ளையும் திரும்பினார். அதற்குப் பிறகு பந்தி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கொடைக்கானல் தாத்தா:
தம்பி, கத்தினதில் தப்பில்லை.

எனக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்துபோச்சு. இங்கே மேடும் இறக்கமுமாக நடந்த நடை அப்படி. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில், எல்லாரும் முழங்காலில் இருக்க நான் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருத்தர், “பெரியவரே, ஆண்டவர் முன்னாடியே இப்படியா?” என்று கேட்டுவிட்டார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கமே, ஞாயிற்றுக்கிழமையில் முழங்கால் போடாதீர்கள், நின்று ஜெபியுங்கள் என்று விதி எழுதியிருக்கிறது, 20-ஆவது விதி என்றார். அது ஆண்டவர் உயிர்த்த நாள் அல்லவா, அதனால் நிமிர்ந்து நிற்க வேண்டுமாம்.

“அதுவும் என்னால் முடியாதே சாமி” என்றேன்.

இப்போது கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கென்றே கிடக்கிறது. எல்லாரும் முழங்கால் போடும் நேரத்தில் நான் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் மடியில் விரித்து வைப்பேன். பாதி நாள் தடி உருண்டு போய் டமார் என்று சத்தம். இப்போதெல்லாம் மணி அடிக்கப் போகிறது என்றால் பேரனே காலை நீட்டி அதை மிதித்துக்கொள்கிறான்.